பேசாப் படத்தில் பலியும் தியாகமும்: பம்பாய் ‘அனார்கலி’ (1928) முதல் தமிழ் ‘அக்பர்’ (1961) வரை

1. முன்னுரை

மௌனப்படத்திற்கு மொழி இல்லை என்னும் கருத்து திரைப்பட வரலாறுகளில் பரவலாக இடம்பெற்றுள்ளது. காட்சியே மொழியாக நின்றதால் அப்படங்கள் எல்லா மக்களுக்கும் ஒருங்கே விளங்கின என்றும், ஒலி வந்த பின்னரே மொழி எல்லைகள் தோன்றின என்றும் கூறுவதுண்டு. இக்கூற்றில் பாதி உண்மை உள்ளது. எஞ்சிய பாதியை மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் ஆராய வேண்டியுள்ளது. மௌனப்படங்களில் காட்சிகளுக்கிடையே எழுத்து இருந்தது. அரங்கில் அதனைப் படித்துச் சொன்ன குரல்கள் இருந்தன. அவ்வெழுத்தைப் பல மொழிகளில் ஆக்கித் தந்த மொழிபெயர்ப்பாளர்களும் இருந்தனர்.

பம்பாயில் 1928ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட ‘அனார்கலி’ என்னும் மௌனப்படத்தையும், அக்கதை பின்னர்ப் பேசும்படமாகித் தமிழுக்கு வந்த வரலாற்றையும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. நிறைவேறாக் காதலும் உயிரிழப்பும் இக்கதையின் கரு. அவ்வுயிரிழப்பு பிறர் இட்ட பலியா, அவளே மேற்கொண்ட தியாகமா என்னும் வினாவைக் காட்சி திறந்தபடி விட்டுவிட இயலும். சொல் அவ்வாறு விடாது. கதை தமிழில் சொல்லப்படும்போது வினைச்சொல்லே அம்முடிவை எடுத்துவிடுகிறது. இதனை விளக்குவதே கட்டுரையின் நோக்கம்.

2. கதையின் தோற்றமும் பெயரும்

அனார்கலி வரலாற்றில் வாழ்ந்த பெண்ணா என்பது ஐயத்திற்குரியது. அபுல் பசலின் ‘அக்பர்நாமா’விலோ ஜஹாங்கீர் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகளிலோ இப்பெயர் இல்லை. லாகூருக்கு 1611இல் வந்த ஆங்கில வணிகர் வில்லியம் பிஞ்ச், அங்குக் கட்டப்பட்டுவந்த கல்லறை ஒன்றைப் பற்றி எழுதியுள்ளார். அக்பரின் மனைவியருள் ஒருத்திக்கும் இளவரசர் சலீமுக்கும் தொடர்பு இருந்ததாகவும், அதனை அறிந்த பேரரசர் அவளைச் சுவருக்குள் வைத்து அடைத்ததாகவும் அவர் கேட்ட செய்தி கூறுகிறது. அக்கல்லறையில் 1599, 1615 என்னும் இரு ஆண்டுகளுக்குரிய குறிப்புகள் உள்ளன. பின்னாளில் அக்கட்டடம் கிறித்தவத் தேவாலயமாக விளங்கி, 1891 முதல் பஞ்சாப் அரசின் ஆவணக் காப்பகமாயிற்று.

சையது முகமது லத்தீப் 1892இல் வெளியிட்ட லாகூர் பற்றிய நூலில் கதை மேலும் வளர்ந்த நிலையில் காணப்படுகிறது. கண்ணாடி பதித்த அறையில் அக்பர் அமர்ந்திருக்கையில், சலீமின் புன்னகைக்கு அவள் மறுபுன்னகை புரிந்ததைக் கண்ணாடியில் கண்டு ஐயுற்றார் என்பது அம்மரபு. உருது எழுத்தாளர் இம்தியாஸ் அலி தாஜ் 1922இல் எழுதிய ‘அனார்கலி’ நாடகமே இக்கதைக்கு இலக்கிய வடிவம் தந்தது. தம் நாடகத்திற்கு அடிப்படை மரபுவழிக் கதையே, வரலாறு அன்று என்பதை ஆசிரியரே ஒப்புக்கொண்டுள்ளார்.

பெயரமைப்பும் கருதத்தக்கது. ‘அனார்’ என்பது பாரசீகத்தில் மாதுளையைக் குறிக்கும். ‘கலி’ என்பது அரும்பு எனப் பொருள்படும் இந்திய ஆரியச் சொல். வடமொழிக் ‘கலிகா’வோடு தொடர்புடையது. எனவே இது இரு மொழிக் கூறுகள் இணைந்த தொகைச்சொல். தமிழிலும் ‘கலிகை’ என்னும் சொல் அரும்பு என்ற பொருளில் உண்டு. ஆயினும் தமிழர் இப்பெயரை மொழிபெயர்க்காமல் ஒலிபெயர்த்தே கொண்டனர். அதனால் மாதுளையரும்பு என்னும் பொருள் மறைந்தது. ‘கலி’ என்னும் தமிழ் வரிவடிவமோ கலியுகம், துன்பம் முதலிய வேறு பொருள்களை நினைவூட்டுவது. உருதுவில் அழகைக் குறித்த பெயர் தமிழில் பொருள் தெரியாத அயற்பெயராகி, பின்னர்த் திரைப்படங்களின் வாயிலாகக் காதலின் மறுபெயராயிற்று.

3. 1928ஆம் ஆண்டின் இரு மௌனப்படங்கள்

இக்கதை 1928இல் இருமுறை படமாயிற்று. கிரேட் ஈஸ்டர்ன் பிலிம் கார்ப்பரேஷன் தாஜின் நாடகத்தைத் தழுவி ‘லவ்ஸ் ஆப் எ முகல் பிரின்ஸ்’ என்னும் படத்தை எடுத்தது. சாரு ராய், பிரபுல்ல ராய் ஆகியோர் இயக்க, சீதா தேவி அனார்கலியாக நடித்தார். அப்படம் திரைக்கு வருமுன்னரே, பம்பாயின் இம்பீரியல் பிலிம் கம்பெனி ஆர். எஸ். சௌத்ரியின் இயக்கத்தில் ‘அனார்கலி’யை விரைந்து எடுத்து வெளியிட்டது. இம்பீரியலை 1926இல் தொடங்கியவர் அர்தேஷிர் இரானி. அனார்கலியாகச் சுலோசனாவும் சலீமாக டி. பில்லிமோரியாவும் நடித்தனர். பம்பாய்ப் படமே வணிக வெற்றி பெற்றது.

சுலோசனா என்பது திரைப்பெயர். இயற்பெயர் ரூபி மயர்ஸ். பாக்தாதி யூத மரபினரான அவர் 1907இல் பிறந்தவர். தொலைபேசி இணைப்பகத்தில் பணியாற்றிய அவரை இயக்குநர் மோகன் பவ்னானி கோஹினூர் நிறுவனப் படங்களில் அறிமுகப்படுத்தினார். கோஹினூரின் படப்பிடிப்பு நிலையம் தாதரில் இருந்தது. சுலோசனா பின்னர் இம்பீரியலுக்கு மாறி, நாட்டிலேயே மிகுந்த ஊதியம் பெறும் நடிகை எனப் பெயர்பெற்றார். போட்டிப் படத்தின் நாயகி சீதா தேவியின் இயற்பெயர் ரெனீ ஸ்மித். அவர் ஆங்கிலோ இந்தியர். முகலாய அரண்மனையின் உருதுக் காதலியாக இருவேறு படங்களில் தோன்றிய இருவருமே உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டவரல்லர். மௌனப்படத்தில் இதனால் குறை எதுவும் நேரவில்லை.

சுலோசனாவின் முந்தைய படமொன்று இங்கு நினைக்கத்தக்கது. நவல் காந்தி இயக்கி 1927இல் வெளிவந்த ‘பலிதான்’, இரவீந்திரநாத் தாகூரின் நாடகத்தைத் தழுவியது. அந்நாடகத்தின் வங்கப் பெயர் ‘விசர்ஜன்’. விட்டுவிடுதல், நீரில் கரைத்தல் என்பன அதன் பொருள். ஆங்கிலத்தில் அது ‘சேக்ரிபைஸ்’ என்னும் பெயரில் 1917இல் வெளியாயிற்று. திரையில் ‘பலிதான்’ ஆயிற்று. விடுதல் என்னும் சொல் ஆங்கிலத்தின் வழியே பலியாக மாறிய இம்மாற்றம், ‘சேக்ரிபைஸ்’ என்னும் ஆங்கிலச் சொல் பலியையும் தியாகத்தையும் ஒருசேரக் குறிப்பதன் விளைவு எனலாம். இந்திய மொழிகள் பலவும் பிரித்துச் சொல்வதை அச்சொல் பிரிப்பதில்லை.

4. எழுத்தட்டையும் அதன் மொழியும்

மௌனப்படங்களில் காட்சிகளுக்கு இடையே காட்டப்பட்ட ‘டைட்டில் கார்டு’ இக்கட்டுரையில் எழுத்தட்டை எனப்படுகிறது. கதைக்குறிப்பு, உரையாடல் ஆகிய இரண்டும் அதில் எழுதப்பட்டன. இந்தியப் படங்களில் ஒரே அட்டையில் பல மொழிகள் இடம்பெறுவது வழக்கமாயிருந்தது. பம்பாய்ப் படங்களில் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, உருது ஆகியனவும், தென்னாட்டில் காட்டப்படும் படிகளில் தமிழும் தெலுங்கும் இடம்பெற்றன. தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான ‘கீசக வதம்’ 1917-18 காலத்தில் ஆர். நடராஜ முதலியாரால் சென்னையில் எடுக்கப்பட்டது. அதன் தமிழ் எழுத்தட்டைகளைக் குருசாமி முதலியாரும் இந்தி எழுத்தட்டைகளைத் தேவதாஸ் காந்தியும் எழுதினர். திரைப்பட மொழிபெயர்ப்பு என்னும் பணி தமிழில் பேசும்படத்திற்கு முன்னரே தொடங்கிவிட்டதை இது காட்டும்.

பலமொழி அட்டை மொழிபெயர்ப்பாளருக்குக் கடுமையான அளவுகளை விதித்தது. 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டங்கள் உண்டு. நொடிக்கு 16 சட்டங்கள் என்னும் விரைவில் ஓட்டினால் ஒரு நொடிக்கு ஓரடிச் சுருள் செல்லும். நான்கு மொழியினரும் தத்தம் வரியைத் தேடிக் கண்டு படித்துமுடிக்கப் பத்து நொடி ஆகுமெனக் கொண்டால், ஓர் அட்டைக்குப் பத்தடி தேவை. 150 அட்டைகள் உள்ள படத்தில் 1500 அடி எழுத்துக்கே செலவாகும். ஆயிரம் அடி கொண்ட சுருள் ஒன்றரைக்கு இது சமம். எனவே சொற்சிக்கனம் நடை விருப்பத்தால் மட்டும் எழுந்ததன்று. கச்சாச் சுருளின் விலையாலும் எழுந்தது. பின்னொட்டுகள் சேர்ந்து சொல் நீளும் இயல்புடைய தமிழுக்கு இக்கட்டுப்பாடு மேலும் இறுக்கமானது.

அடுத்த சிக்கல் மரியாதை வழக்கைச் சார்ந்தது. ஆங்கிலத்தின் முன்னிலைப் பெயர் ஒன்றே. உருதுவில் ‘தூ’, ‘தும்’, ‘ஆப்’ என மூன்று நிலைகள் உண்டு. தமிழில் ‘நீ’, ‘நீர்’, ‘நீங்கள்’, ‘தாங்கள்’ என நான்கு நிலைகள் வழங்குகின்றன. வினைமுற்றும் அவற்றுக்கேற்ப மாறுகிறது. பணிப்பெண் இளவரசரை விளிக்கையில் ‘தாங்கள்’ என்றால் அடிமை பேசுகிறாள். ‘நீங்கள்’ என்றால் மனைவியின் குரல் கேட்கிறது. ‘நீ’ என்றால் காதலி பேசுகிறாள். மூன்றுக்கும் ஆங்கில அட்டையில் ஒரே சொல்தான். குனிந்து சலாம் செய்யும் உடலும் நிமிர்ந்து நோக்கும் கண்ணும் ஒரே சட்டத்தில் அமையும்போது, அடிமையும் காதலியும் ஒருத்தியாகவே நிற்கிறாள். தமிழ் வரி அவ்விருவருள் ஒருத்தியைத் தேர்ந்தாக வேண்டும். காட்சி சேர்த்து வைத்ததை மொழியின் இலக்கணம் பிரிக்கும் இடம் இது.

5. அரங்கின் குரல்களும் பம்பாய்த் தமிழரும்

எழுத்தட்டை இருந்தாலும் அதனைப் படிக்கக்கூடியோர் மிகச் சிலர். 1921ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் எழுத்தறிவு நூற்றுக்கு ஏழு அளவில் இருந்தது. 1931இல் அது 9.5 ஆயிற்று. ஆகவே பத்தில் ஒருவரே படித்தார்; எஞ்சியோர் கேட்டனர். படிக்கத் தெரிந்தவர் அருகிலிருப்போருக்காக உரக்கப் படிப்பது அரங்கின் இயல்பாயிற்று. தமிழ்நாட்டில் திரையருகே நின்று கதையை விளக்குவோர் இருந்தமையைத் தமிழ்த் திரைப்பட வரலாற்றாசிரியர் தியடோர் பாஸ்கரன் விரிவாக எழுதியுள்ளார். அவர்கள் அட்டையிலுள்ளதைப் படித்ததோடு அமையவில்லை. பாத்திரங்களின் பேச்சையும் தாமே அமைத்துக்கொண்டனர். ஜப்பானில் ‘பென்ஷி’ எனப்பட்ட கதையுரைஞர் செய்த பணியும் இத்தகையதே. அங்கு அவர்கள் நடிகருக்கு இணையான புகழ் பெற்றனர்.

திரைப்படத்துறையை ஆராய அரசு 1927இல் அமைத்த இந்தியத் திரைப்படக் குழுவிற்குத் தலைமை ஏற்றவர் சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். அதன் அறிக்கை ‘அனார்கலி’ வெளிவந்த அதே 1928ஆம் ஆண்டில் வெளியாயிற்று. முன்னர்க் குறித்த ‘பலிதான்’ அக்குழுவின் பாராட்டைப் பெற்றது.

படம் உருவான பம்பாயில் அக்காலத்திலேயே தமிழர் குடியிருப்புகள் இருந்தன. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்தோர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் தாராவியில் தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டனர். 1898இல் தோன்றிய பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளையின் தாதர்-மாட்டுங்கா திட்டத்தால் மாட்டுங்கா புதிய குடியிருப்புப் பகுதியாக வளர்ந்தது. அங்குத் தென்னிந்திய எழுத்தர்களும் ஆசிரியர்களும் குடியேறினர். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் அங்குத் தொடங்கியது. செம்பூர் பின்னர் விரிந்த புறநகர். ராஜ் கபூரின் ஆர். கே. படப்பிடிப்பு நிலையம் 1948இல் அங்கு எழுந்தது. மாட்டுங்காவுக்கு அடுத்த இரயில் நிலையமாகிய தாதரில் கோஹினூரும், 1929இல் தோன்றிய இரஞ்சித்தும் இயங்கின.

பம்பாயில் ஓடிய படிகளின் அட்டைகளில் இடம்பெற்றவை ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, உருது ஆகியனவே. எனவே அந்நகரத் தமிழருக்கு மௌனப்படம் தாய்மொழி எழுத்தில் வரவில்லை. மாட்டுங்காவின் எழுத்தர் ஆங்கில வரியைப் பற்றிக்கொள்ள இயலும். தாராவியின் தோல் தொழிலாளிக்கு அவ்வரி இல்லை. உடலசைவும், தெரிந்தவர் சொல்லும் ஓரிரு சொற்களுமே துணை. ஒரே தாய்மொழியினர் ஒரே படத்தை இருவேறு வழிகளில் பொருள்கொள்ளும் நிலை இது. மௌனப்படம் எல்லோருக்கும் பொதுவானது என்னும்போது, அப்பொதுமை கல்விக்கேற்ப வேறுபட்டதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

6. ஒலியின் வருகை

அர்தேஷிர் இரானியின் ‘ஆலம் ஆரா’ 1931 மார்ச் 14 அன்று பம்பாய் மெஜஸ்டிக் அரங்கில் வெளியாயிற்று. இம்பீரியலின் முதன்மை நடிகை சுலோசனாவாக இருந்தும், அப்படத்தின் நாயகி வாய்ப்பு ஜுபைதாவுக்குச் சென்றது. சுலோசனாவின் இந்துஸ்தானி போதாதது இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. நாயகன் மாஸ்டர் விட்டலுக்கும் அம்மொழி சரளமாக வரவில்லை. அதனால் அவர் பல காட்சிகளில் அரைமயக்க நிலையில் தோன்றுமாறு கதை அமைக்கப்பட்டது என்பர். மௌனப்படத்தில் எவருக்கும் தேவைப்படாத ஒலிப்புத் திறன் ஓராண்டுக்குள் நடிகர் வாழ்வை முடிவுசெய்வதாயிற்று. சுலோசனா நடிப்பிலிருந்து விலகி இந்துஸ்தானியைப் பயின்றார். 1932இல் ‘மாதுரி’ பேசும்படத்தின் வழியே மீண்டார். தம் மௌனப்படங்களையே பேசும்படங்களாக மீண்டும் நடித்தார். சௌத்ரி இயக்கிய ‘அனார்கலி’ பேசும்படம் 1935இல் வந்தது. அதிலும் சுலோசனாவே அனார்கலி, பில்லிமோரியாவே சலீம். இந்துஸ்தானிக்காக ஒருமுறை வாய்ப்பிழந்த நடிகை, மௌனத்தில் தாம் நடித்த அதே வேடத்தை இப்போது அம்மொழியிலேயே பேசி நடித்தார்.

இம்பீரியலின் அதே வளாகத்தில்தான் தமிழ்ப் பேசும்படமும் பிறந்தது. எச். எம். ரெட்டி இயக்கிய ‘காளிதாஸ்’, ‘ஆலம் ஆரா’வுக்கு அமைக்கப்பட்ட அரங்கில் படமாகி, 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியாயிற்று. அதில் நாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார், நாயகன் பி. ஜி. வெங்கடேசன் தெலுங்கில் பேசினார். ஒரே காட்சியில் காதலர் இருவர் இருமொழி பேசியதைப் பார்வையாளர் ஏற்றனர். பல மொழி வரிகள் ஒரே அட்டையில் இருந்த மௌனப்படப் பழக்கத்தின் தொடர்ச்சியாக இதனைக் கொள்ள இடமுண்டு. அந்நெகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. விரைவில் ஒரு படம் ஒரு மொழிக்கு உரியதாயிற்று.

தமிழில் நிறைவேறாக் காதலுக்குத் தனிக்கதை உண்டு. கம்பரின் மகன் அம்பிகாபதியும் சோழ இளவரசி அமராவதியும் பற்றிய மரபுக்கதை அது. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்க, எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த ‘அம்பிகாபதி’ 1937இல் வெளியாயிற்று. உரையாடல் எழுதிய இளங்கோவனின் நடை தமிழ்ப்பட வசனத்தில் ஒரு திருப்பமாகக் கருதப்படுகிறது. காதல் சுவை கலவாமல் நூறு பாடல் பாடவேண்டும் என்பது அரச கட்டளை. காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிய அமராவதி நூறு முடிந்ததாகக் கருதி வெளிப்பட, தொண்ணூற்றொன்பதிலேயே அம்பிகாபதி காதலைப் பாடி உயிரிழக்கிறான். இரு கதைகளிலும் அரசன் தண்டிக்கிறான். ஆனால் காட்டிக்கொடுக்கும் பொருள் வேறு. அனார்கலியைக் கண்ணாடியில் விழுந்த புன்னகை காட்டிக்கொடுக்கிறது. அம்பிகாபதியைச் செய்யுள் காட்டிக்கொடுக்கிறது. முதலாவது மௌனப்படத்துக்கு இயல்பாகப் பொருந்தும். இரண்டாவது செவியின்றி விளங்காது. பிறமொழிக்குப் பெயர்த்தாலும் அதன் செய்யுள் நயம் முழுதும் உடன்வராது.

7. தமிழில் அனார்கலி

விடுதலைக்குப் பின் அனார்கலிக் கதை பன்முறை படமாயிற்று. நந்தலால் ஜஸ்வந்த்லால் இயக்கிய இந்திப் படம் 1953இல் வந்தது. பீனா ராய் அனார்கலியாகவும் சுலோசனா சலீமின் தாயாகவும் நடித்தனர். இருபத்தைந்து ஆண்டுகளில் காதலியாக இருந்தவர் தாயானார். அதற்கு அடுத்த ஆண்டில் வந்த தமிழ்ப் படமாகிய ‘இல்லற ஜோதி’யில் சலீம்-அனார்கலி நாடகம் இடைக்காட்சியாக இடம்பெற்றது, சிவாஜி கணேசன் சலீமாகத் தோன்றினார். மேடைத் தமிழின் அடுக்குமொழி அக்கதைக்குள் முழுமையாக நுழைந்த இடமாக அதனைக் கொள்ளலாம். வேதாந்தம் ராகவய்யா இயக்கி, அஞ்சலி தேவியும் அக்கினேனி நாகேஸ்வர ராவும் நடித்த தெலுங்குப் படம் 1955இல் வெளியாகித் தமிழிலும் வந்தது.

கே. ஆசிப் பம்பாயில் எடுத்த ‘முகல்-ஏ-ஆசம்’ 1960 ஆகஸ்டு 5 அன்று மராத்தா மந்திர் அரங்கில் வெளியாயிற்று. இந்தி, தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளுக்கும் எனத் திட்டமிடப்பட்டு, காட்சிகள் மும்முறை படமாக்கப்பட்டன என்பர். தமிழ் வடிவம் குரல் சேர்க்கப்பட்ட மொழிமாற்றுப் படமாக 1961இல் ‘அக்பர்’ என்னும் பெயரில் வந்தது. பாடல்களைக் கம்பதாசன் எழுதினார். அப்படம் வணிகத் தோல்வி அடைந்தது. அதனால் ஆங்கில வடிவம் கைவிடப்பட்டது.

பெயர் மாற்றத்திலிருந்தே மொழிபெயர்ப்பின் விளைவைக் காணலாம். ‘முகல்-ஏ-ஆசம்’ என்பது பாரசீக முறையில் அமைந்த பெயரடைத் தொடர். ‘மாபெரும் முகலாயர்’ என்பது பொருள். அது பதவியின் பெருமையைச் சொல்வது. மகனைத் தண்டிக்க நேர்ந்த பேரரசரின் கடமையும் அதில் அடங்கும். ‘அக்பர்’ என்னும் தமிழ்ப் பெயர் ஒருவரின் பெயராக மட்டும் நிற்கிறது. உரையாடலிலும் இந்நிலை உண்டு. உருதுவில் ‘பியார்’, ‘முகப்பத்’, ‘இஷ்க்’ என்னும் மூன்று சொற்களும் மூன்று படிநிலைகளில் வழங்குவன. தமிழில் அரண்மனைக் காதலைச் சொல்லக் ‘காதல்’ என்னும் ஒரு சொல்லே முன்வருகிறது. ‘அன்பு’ அதனினும் விரிந்தது. ‘நேசம்’ அதனினும் மெல்லியது.

கண்ணாடி இப்படத்திலும் உண்டு. மரபுக்கதையில் புன்னகையை அறியாமல் காட்டிய கண்ணாடி, இங்குக் கண்ணாடி மாளிகைக் காட்சியில் பல நூறு பிம்பங்களாகிறது. அனார்கலி அங்குத் தன் காதலை அரசவையில் தானே பாடி அறிவிக்கிறாள். மௌனப்படத்துக்கு மூலமான மரபில் பார்வை அவளைக் காட்டிக்கொடுத்தது; பேசும்படத்தில் அவளே சொல்லால் வெளிப்படுகிறாள். இம்மாற்றம் அவள் சாவின் பொருளையும் மாற்றுகிறது.

பிஞ்ச் கேட்ட செய்தியில் அவளுடைய விருப்பத்துக்கு இடமில்லை, அடைத்தார், இறந்தாள். 1953ஆம் ஆண்டுப் படத்திலும் அவள் சுவருக்குள் மடிகிறாள். ‘முகல்-ஏ-ஆசம்’ படத்தில் கலகம் செய்த சலீமுக்குச் சாவுத் தண்டனை விதிக்கப்படுகிறது. அனார்கலி ஒப்படைக்கப்பட்டால் அவன் உயிர் தப்பும் என்னும் நிலையில் அவளே தன்னை ஒப்படைக்கிறாள். இறுதியில் அவளுடைய தாய்க்கு முன்னர்த் தந்த வாக்கை நினைத்து, பேரரசர் அவளை யாரும் அறியாமல் வெளியேற்றுகிறார். பலியாகத் தொடங்கிய கதை மூன்று நூற்றாண்டுகளில் தியாகமாயிற்று.

தமிழில் இவ்விரு சொற்களுக்கும் வேறுபட்ட வரலாறு உண்டு. ‘பலி’ தெய்வத்திற்கு இடப்படுவது. இடுபவரும் இடப்படும் பொருளும் வேறானவர். ‘தியாகம்’ பழைய வழக்கில் பெரும்பாலும் கொடையைக் குறித்தது. தியாகி என்றால் வள்ளல். தேசிய இயக்கக் காலத்தில் சிறை சென்றோரையும் உயிர் தந்தோரையும் தியாகி என்றனர். மௌனப்படங்கள் ஓடிய காலமும் இப்பொருள் மாற்றம் வலுப்பெற்ற காலமும் ஒன்றே. ஆகவே அனார்கலியின் சாவைத் தியாகம் எனத் தமிழில் எழுதும்போது, காதலுக்காக இறந்தவள் நாட்டுக்காக இறந்தோருக்குரிய சொல்லைப் பெறுகிறாள்.

வினைகள் இதனினும் நுட்பமானவை. ‘இறந்தாள்’ நடுநிலையானது. ‘பலியானாள்’ என்பதில் செய்தவர் யாரெனத் தெரியாது. ‘பலியிடப்பட்டாள்’ என்னும் செயப்பாட்டு வினை, இட்டவர் ஒருவர் உண்டு எனக் காட்டும். ‘உயிர் துறந்தாள்’, ‘உயிர் நீத்தாள்’ என்பன செயப்படுபொருள் குன்றா வினைகள். அவளையே எழுவாயாக்கி, வழக்கில் மதிப்பையும் சேர்ப்பன. ‘அவனுக்காக உயிரைத் தந்தாள்’ என்றால் கொடையும் கொள்பவனும் வந்துவிடுகின்றனர். செங்கல் மேல் செங்கல் ஏற ஒரு முகம் மறைந்துகொண்டே போகும் காட்சிக்கு இவற்றுள் எதனையும் எழுதலாம். எழுதியபின் காட்சி அச்சொல்லின்வழியே காணப்படும். கொன்றவரின் பொறுப்பு ‘பலியிடப்பட்டாள்’ என்பதில் நிற்கிறது. ‘உயிர் நீத்தாள்’ என்பதில் அது மறைகிறது. மொழிபெயர்ப்பாளர் அறிந்தோ அறியாமலோ இவ்வழக்கில் தீர்ப்புக் கூறிவிடுகிறார்.

8. முடிவுரை

இந்தியாவில் ஏறத்தாழ 1300 மௌனப்படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றுள் இன்று எஞ்சியவை மிகச் சில. அட்டைகளைத் தமிழாக்கியோரில் பலருடைய பெயர்கள் படச்சுருளோடு மறைந்தன. 1973ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதைப் பெற்ற சுலோசனா 1983இல் பம்பாயில் காலமானார்.

மேற்கண்ட ஆய்வால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, மௌனப்படம் மொழியற்றதன்று. எழுத்தும் குரலும் மொழிபெயர்ப்பும் அதன் உறுப்புகள். இரண்டாவது, அதன் பொதுமை பார்வையாளரின் எழுத்தறிவையும் வாழிடத்தையும் சார்ந்திருந்தது. மாட்டுங்காவும் தாராவியும் இதற்குச் சான்று. மூன்றாவது, காட்சி முடிவுசெய்யாமல் விட்டதைத் தமிழின் முன்னிலைப் பெயரும் வினைமுற்றும் முடிவுசெய்கின்றன.

இறுதிச் செய்தி இன்றைய துணைத்தலைப்பு மொழிபெயர்ப்பாளர்க்கும் பொருந்துவது. திரையின் அடியில் ஓடும் வரிக்கும் நேரமும் இடமும் குறைவே. ஆங்கிலத்தின் ‘சேக்ரிபைஸ்’ என்னும் ஒரு சொல்லைக் கண்டவுடன் ‘தியாகம்’ என எழுதுவது எளிது. எழுதுமுன், அங்குத் தந்தவர் இருக்கிறாரா, இடப்பட்டவர் மட்டுமே இருக்கிறாரா எனக் காட்சியை ஒருமுறை பார்ப்பது அவர் கடமை. பிஞ்ச் கேட்ட செய்தியில் அப்பெண் எதையும் தரவில்லை; அவளைச் சுவருக்குள் அடைத்தார்கள்.